கலிஃபோர்னியா ஸ்டேட் கார்டு: சேரும் முன் எதை முடித்து வைப்பது? லீவு, ஐஆர்ஆர், ஓசிஐ குழப்பங்கள்

சான்ஹோசே_தமிழ் கேட்டது:

வணக்கம். ஸ்டேட் மிலிட்டரி ரிசர்வ் என்று இருந்து 2020-இல் கலிஃபோர்னியா ஸ்டேட் கார்டு என்று பெயர் மாறியதே, மாநில அரசின் அந்தத் தன்னார்வப் படையில் சேரப் பார்க்கிறோம், மூன்று பேர். நான் சிட்டிசன், ராணுவ அனுபவம் கிடையாது, தனியார் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. இரண்டாமவர் நான்கு வருடம் ஆர்மியில் இருந்துவிட்டுச் சமீபத்தில் வெளியே வந்தவர். மூன்றாமவரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது.

1. நண்பருடைய ஆர்மி அனுபவத்தால் அவருக்கு வழி சுலபமா?
2. பயிற்சிக்குப் போனால் கம்பெனி லீவு தந்தே ஆக வேண்டுமா? படிப்புச் சலுகை, மருத்துவக் காப்பீடு ஏதாவது உண்டா?
3. கிரீன் கார்டுக்காரருக்கு சிட்டிசன்ஷிப் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். உண்மையா?
4. சேருவதற்குள் எந்தக் கோர்ஸ்களை முடித்து வைத்தால் நல்ல பொறுப்பு கிடைக்கும்?

---

பழைய_சார்ஜெண்ட்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் மூவரில் இப்போதைக்குச் சேர முடியாமல் போகக்கூடியவர் அந்த ஆர்மிக்காரர்தான். அனுபவம் இருக்கிறதே என்று அவரை முன்னால் அனுப்பாதீர்கள்.

ஸ்டேட் கார்டுகளுக்கு அடிப்படை கூட்டாட்சிச் சட்டத்தின் 32-ஆம் தலைப்பு, 109-ஆம் பிரிவு. கூட்டாட்சி ராணுவத்தின் எந்த ரிசர்வ் பிரிவிலாவது உறுப்பினராக இருப்பவர் ஸ்டேட் கார்டு போன்ற மாநிலப் பாதுகாப்புப் படையில் உறுப்பினராக முடியாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. "நான்தான் ரிசர்வில் இல்லையே, மாதாமாதம் எங்கும் போவதில்லையே" என்பார். பொதுவாக ராணுவத்தில் முதன்முறை சேர்பவரின் கடமைக்காலம் மொத்தம் எட்டு வருடம். நான்கு வருடம் பணியில் இருந்துவிட்டு வந்தால் மீதி நான்கு வருடம் ஐஆர்ஆர் (இண்டிவிஜுவல் ரெடி ரிசர்வ்) என்ற பட்டியலில் பெயர் இருக்கும். டிரில் (வழக்கமான பயிற்சி) கிடையாது, சம்பளம் கிடையாது, ஆனால் சட்டப்படி அதுவும் ரிசர்வ்தான்.

டிடி-214-ஐ, அதாவது ராணுவப் பணியிலிருந்து வெளியே வரும்போது தரும் சான்றை, கையில் எடுத்து மூன்று கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 6-ஆம் கட்டத்தில் ரிசர்வ் கடமை முடியும் தேதி இருக்கும். 9-ஆம் கட்டத்தில் எந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று இருக்கும். அங்கே "யூஎஸ்ஏஆர் (யூ.எஸ். ஆர்மி ரிசர்வ்) கண்ட்ரோல் குரூப்" என்று கண்டால் அவர் ஐஆர்ஆரில் இருக்கிறார். 23-ஆம் கட்டத்தில் "டிஸ்சார்ஜ்" என்று இருக்கிறதா, "ரிலீஸ் ஃப்ரம் ஆக்டிவ் டியூட்டி" என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் இன்னும் முழுதாக விடுபடவில்லை. இதில் இன்னொரு கண்ணி: மெம்பர்-1 பிரதியில் 23-ஆம் கட்டமே இருக்காது. மெம்பர்-4 பிரதிதான் வேண்டும். ஆட்சேர்ப்பு அலுவலகமும் அதைத்தான் கேட்கும். குட்டைப் பிரதியை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்துக் கிடப்பவர்கள் நிறைய.

தேதி இன்னும் முடியவில்லை என்றால், ஆர்மிக்கு ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளக் கமாண்டிடம் எழுதிக் கேட்க வேண்டும். விடுவிப்பு உத்தரவு தாளாகக் கைக்கு வரும் வரை உறுதிமொழி எடுக்க வேண்டாம். மறைத்துச் சேர்ந்தால் பின்னால் பதவி உயர்வுக் கோப்பில் வெளியே வரும், சேர்ந்ததே செல்லாது என்றாகிவிடும்.

---

படிவம்_பார்ப்பவர்:

2, 3 இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

லீவு: எல்லோரும் முதலில் காட்டுவது யூசெர்ராவை, படைப் பணிக்குப் போகிறவரின் வேலையைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை. அது கூட்டாட்சிப் படைகளுக்கும் நேஷனல் கார்டுக்கும் உரியது. ஸ்டேட் கார்டுக்கு அது குடை பிடிக்காது, ஹெச்.ஆரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரே மின்னஞ்சலில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் நீங்கள் காட்ட வேண்டியது மிலிட்டரி அண்ட் வெட்டரன்ஸ் கோடு, 394.5-ஆம் பிரிவு. தனியார் நிறுவன ஊழியர் ஸ்டேட் மிலிட்டரி ரிசர்வில் இருந்தால், உத்தரவிடப்பட்ட பயிற்சிக்கு ஆண்டுக்கு 15 காலண்டர் நாள் வரை சம்பளமில்லா விடுப்பு. போகவர ஆகும் நேரமும் அந்தப் பதினைந்துக்குள்தான். (சட்டத்தில் பழைய பெயர் இருந்தால் அதைப் பார்த்து ஹெச்.ஆர். "இது வேறு அமைப்பு" என்று சொல்லக்கூடும். பெயர் மாறிய விவரத்தையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.) "உத்தரவிடப்பட்ட" என்ற சொல்லையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "சனிக்கிழமை வாங்க" எதற்கும் உதவாது, எழுத்தில் உத்தரவு வாங்குங்கள்.

டெக்சஸில் கணக்கு வேறு. அங்கே அரசு ஊழியர் என்றால் கவர்ன்மெண்ட் கோடு 437.202-இன்படி நிதியாண்டுக்கு 15 வேலை நாள், சம்பளத்தோடு. தனியார் ஊழியர் பணி முடிந்து பழைய வேலைக்குத் திரும்பும் உரிமை 437.204-இல் இருக்கிறது. ஆக, வேறு மாநிலத்து நண்பர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சலுகை: ட்ரைகேர் (ராணுவ மருத்துவக் காப்பீடு) கிடையாது, விஏ (முன்னாள் படையினர் துறை) சலுகை கிடையாது, கூட்டாட்சி ஜிஐ பில் (படிப்புச் சலுகை) கிடையாது, ராணுவ ஓய்வூதியப் புள்ளியும் கிடையாது. படிப்புக்கு மட்டும் மாநிலத்திலேயே ஒரு வழி உண்டு: கலிஃபோர்னியா மிலிட்டரி டிபார்ட்மெண்டின் ஜிஐ பில் உதவித்தொகை. ஸ்டூடண்ட் எய்டு கமிஷன் நடத்துகிறது, நேஷனல் கார்டோடு ஸ்டேட் கார்டு உறுப்பினரும் விண்ணப்பிக்கலாம். ஃபாஃப்ஸா என்ற மாணவர் நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், படையில் வருகை ஒழுங்காக இருக்க வேண்டும். டிரிலுக்கு மட்டம் போட்டுவிட்டு உதவித்தொகை மட்டும் வேண்டும் என்றால் நடக்காது.

சிட்டிசன்ஷிப்: சீக்கிரம் கிடைக்காது. குடியேற்றச் சட்டத்தின் 328, 329 பிரிவுகள் அமெரிக்க ஆயுதப் படைகளில் சேவை செய்தவர்களுக்கானவை, ஸ்டேட் கார்டு அதில் வராது. கிரீன் கார்டோடு சேர முடியுமா என்பதே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விண்ணப்பப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்-1பி, எஃப்-1 என்றால் கதவைத் தட்டவே வேண்டாம். ஒருவேளை கிரீன் கார்டோடு சேர்ந்துவிட்டால், பிற்பாடு குடியுரிமை விண்ணப்பமான என்-400 நிரப்பும்போது ராணுவப் பிரிவு, மிலிஷியா போன்றவற்றில் இருந்ததுண்டா என்ற கேள்விக்கு "ஆம்" போட்டு விளக்கம் எழுத வேண்டும். "இதெல்லாம் சும்மா வாலண்டியர்தானே" என்று "இல்லை" போடுவதுதான் வம்பு. 18 முதல் 25 வயது ஆண் என்றால் செலக்டிவ் சர்வீஸ் (கட்டாய ராணுவ அழைப்புக்கான பட்டியல்) பதிவும் தனியாக வேண்டும். ஸ்டேட் கார்டில் இருப்பது கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு ஆகாது என்று அதே 109-ஆம் பிரிவு சொல்கிறது.

யாரும் கேட்காமல் போகிற ஒன்று: ஓசிஐ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் இருவருக்குமே ஓசிஐ கிடையாது என்று இந்திய உள்துறையின் விதியில் இருக்கிறது. ஸ்டேட் கார்டு சீருடை அணியும் படை, கவர்னரின் ராணுவத் துறைக்குக் கீழ் வருவது. உங்களிடம் ஓசிஐ இருந்தாலோ, வாங்கும் எண்ணம் இருந்தாலோ உறுதிமொழிக்கு முன்னால் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் இந்த ஒரு தாளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம்.

பெயர் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், டிரைவர் லைசென்ஸில் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியவில்லை), பட்டத்தில் இன்ஷியல், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் பின்னால். பின்னணிச் சோதனை நிற்கிற இடம் இதுதான். நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சோஷியல் செக்யூரிட்டியையும் லைசென்ஸையும் ஒன்றாக்கிவிட்டு, "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் மற்ற வடிவங்கள் அத்தனையும் எழுதுங்கள்.

---

டெக்சஸ்_மாமா:

நாலாவது கேள்விக்கு வருகிறேன் தம்பி. மாநிலம் எதுவானாலும் பேரிடர் வேலைக்கு அடித்தளம் ஃபீமாவின் (கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பு) நான்கு இணையவழிக் கோர்ஸ்கள்: ஐஎஸ்-100, 200, 700, 800. காசு கிடையாது. முதலில் ஃபீமா மாணவர் எண்ணுக்குப் பதிவு செய்யணும், அதிலும் சட்டப்படியான பெயரே இருக்கட்டும். தேர்வில் 75 சதவீதம் எடுத்தால் பாஸ், சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். வந்த அன்றே பிடிஎஃப்-ஆக இறக்கி, கோர்ஸ் எண்ணும் தேதியும் வைத்துக் கோப்புக்குப் பெயரிடுங்கள். 100, 700, 200, 800 என்ற வரிசையில் படித்தால் தலையில் ஏறும். நான்கும் இல்லாமல் நேரடி வகுப்பான ஐசிஎஸ்-300-இல் உட்கார விடமாட்டார்கள். அந்த வகுப்போ எப்போதாவது ஒருமுறைதான் அறிவிக்கப்படும், இடமும் குறைவு. அறிவிப்பு வந்த பிறகு 100-இல் ஆரம்பித்தால் அந்த வண்டி போயிருக்கும்.

அடுத்தது மெம்ஸ் பேட்ஜ், பேரிடர் மேலாண்மைப் பயிற்சிக்கான சின்னம். ஸ்டேட் கார்டு அசோசியேஷன் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் தருவது. பேசிக், சீனியர், மாஸ்டர் என்று மூன்று படி. மேலே சொன்ன நான்கோடு இன்னும் சில ஐஎஸ் கோர்ஸ்களும் செய்முறைப் பகுதியும் உண்டு. இதை நான் அவசரமாக எடுக்கச் சொல்லமாட்டேன். பேட்ஜ் சட்டையில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு தங்கல் முகாமை நடத்தத் தெரிந்தவர்தான் முதலில் அழைக்கப்படுவார்.

அழைப்பு வரும்போது செய்கிற வேலை பெரும்பாலும் பகட்டில்லாதது. 2017-இல் ஹார்வி புயலின்போது டெக்சஸ் ஸ்டேட் கார்டு செய்தது முகாம் நடத்துவது, தண்ணீரும் உணவும் விநியோகிப்பது, வெளியேற்றப்பட்ட மக்களைப் பதிவு செய்வது. அந்தப் பதிவில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பார்கோடு பட்டை கட்டுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது ஒரு ஸ்கேன், முகாமில் இறங்கும்போது ஒரு ஸ்கேன். ஏறும்போது ஒருவரை விட்டுவிட்டால், பிள்ளை ஒரு ஊரிலும் தாய் ஒரு ஊரிலும் இருப்பதைக் கணினி சொல்லாது. இதற்கு ஸ்கேனர் பேட்டரியைச் சார்ஜில் வைத்திருப்பது, நெட் போனால் தாளில் எழுதிப் பிறகு ஏற்றுவது, இந்த இரண்டும் பழகியவர் வேண்டும். உங்களைப் போன்ற நெட்வொர்க்காரருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

டிரில் பல மாநிலங்களில் சம்பளமில்லாதது. மாநிலம் பணிக்கு அழைத்தால் பொதுவாக அன்றிலிருந்து மாநிலமே சம்பளம் தரும். சீருடைச் செலவு பல இடங்களில் சொந்தக் கைக்காசு, அதனால் யூனிட் சப்ளையில் என்ன தருவார்கள் என்று கேட்காமல் கடைக்கு ஓடாதீர்கள். ஆர்மி துணிதான் என்றாலும் நெஞ்சில் "யூ.எஸ். ஆர்மி" பட்டை வரவே கூடாது, மாநிலப் பெயர்தான் வரணும். ரெடிமேடாகத் தைத்து வரும் செட்டை வாங்கிப் பிரித்துத் திரும்பத் தைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை: தொண்டுப் பணிக்கு ஓட்டும் சொந்தக் காருக்கு மைலுக்கு 14 சென்ட் வரிக் கழிவு, இது சட்டத்திலேயே உறைந்த தொகை. பெரும்பாலும் ஐட்டமைஸ் செய்பவருக்கு, அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டுபவருக்குத்தான் பயன். தேதி, மைல், காரணம் மூன்றையும் அன்றன்றே எழுதி வைத்து வரி ஆளிடம் காட்டுங்கள்.

---

சான்ஹோசே_தமிழ்:

மூவருக்கும் நன்றி. ஆர்மி நண்பர் டிடி-214-ஐப் பார்த்துவிட்டார், 9-ஆம் கட்டத்தில் கண்ட்ரோல் குரூப்தான்! தகவல் தொடர்புப் பிரிவில் இடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். நெட்வொர்க் அனுபவம் போதுமா, ரேடியோ லைசென்ஸும் வேண்டுமா?

---

அலைவரிசை:

வேண்டும். மின்சாரம் போய் ரிப்பீட்டரின் (ரேடியோ சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) பேட்டரியும் தீர்ந்த பிறகுதான் உங்களைத் தேடுவார்கள். அப்போது ரவுட்டர் அறிவுக்கு வேலையில்லை.

முதலில் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் எஃப்ஆர்என் என்ற பதிவு எண் எடுங்கள், அதில்லாமல் தேர்வுக்குப் போக முடியாது. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸின் முதல் படியான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்வி, 26 சரியாக வேண்டும். அடுத்த படியான ஜெனரலும் அதே கணக்கு. இரண்டையும் ஒரே அமர்வில் எழுதலாம், எழுதுங்கள். டெக்னீஷியனோடு நிறுத்தினால் மாநிலத்துக்குள் ஊர் விட்டு ஊர் பேசத் தேவையான ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) குரல் பட்டைகள் கிடைக்காது. தேர்வான பின் எஃப்சிசியிடமிருந்து 35 டாலர் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வரும், 10 காலண்டர் நாளுக்குள் கட்டணும். அது ஸ்பேமில் விழுந்து விண்ணப்பம் தள்ளுபடி ஆவது வழக்கமாக நடக்கிற கூத்து.

பழக வேண்டியது என்விஐஎஸ் என்ற முறை. சிக்னலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்பி, அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டரில் இறங்க வைப்பது. நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. இருமுனை ஆன்டெனாவின் மொத்த நீளத்தை அடியில் பெற 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு (40 மீட்டர் பட்டை) 65 அடி வரும், பக்கத்துக்கு முப்பத்திரண்டரை. வெட்டும்போது ஓரடி கூடவே விட்டு, கட்டிய பிறகு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பார்த்துக் குறையுங்கள். தாழ்வாகக் கட்டினால் ஆன்டெனா ஒத்ததிரும் அலைவரிசை கீழே இறங்கும் என்பதால் கணக்கு நீளம் அப்படியே பொருந்தாது.

உயரம் 10 முதல் 15 அடி போதும். புதியவர் செய்வது இதற்கு நேர்மாறு: உயரமான மரம் தேடி முடிந்தவரை மேலே கட்டுவார். சிக்னல் தொலைவில் எங்கோ நன்றாகக் கேட்கும், அடுத்த மாவட்டத்தில் பலவீனமாகிவிடும். இருட்டிய பிறகு 40 மீட்டர் பட்டை உள்ளூருக்கு உதவாமல் போய்விடும். அப்போது 3.9 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், அதற்குக் கம்பி 120 அடி. இரண்டு கம்பிகளையும் ஒரே நடுப்புள்ளியில் கட்டி விசிறி போல விரித்துவிட்டால் ராத்திரியில் டார்ச் பிடித்துக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும்: அமெச்சூர் லைசென்ஸ் அமெச்சூர் பட்டைகளுக்கு மட்டும். படையின் அலைவரிசையில் பேச யூனிட்டின் அனுமதி தனி.

---

பழைய_சார்ஜெண்ட்:

கண்ட்ரோல் குரூப் என்று உறுதியாகிவிட்டதால்: நண்பர் காத்திருக்கும் காலத்தில் ஐஎஸ் கோர்ஸ்களையும் ரேடியோ தேர்வையும் முடிக்கலாம், அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. இடையில் முகநூலில் "மிலிஷியா, உடனே சேரலாம், ஐஆர்ஆர் பிரச்சினையில்லை" என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம். உண்மையான படை மாநில ராணுவத் துறைத் தலைவரான அட்ஜுடன்ட் ஜெனரலுக்குக் கீழ், அரசு இணையதளத்தில் இருக்கும். ஃபோர்ட் நாக்ஸுக்கு எழுதும்போது மெம்பர்-4 பிரதியை இணைக்கச் சொல்லுங்கள்.