லாச்சியில் குறைந்த 1,500 ரூபாய்

புடவைக்கடை:
வேலைக்கு நிற்பவர்களோடு எங்கே சறுக்கினோம் என்று ஆளுக்கொன்று சொல்லச் சொன்னால், என் கதையைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருவொன்றில் கடை, அப்போது வேலைக்கு ஆறு பேர். அதில் ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவன் நாலு வருஷமாக நின்றான். துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு, மிச்சத்தைக் கையாலேயே சர்ரென்று கிழிப்பான், நூல் பிசகாது. தீபாவளிக்கு முதல் சனிக்கிழமை, கடைக்குள் கால் வைக்க இடமில்லை, லாச்சியில் காசை எண்ணினால் 1,500 ரூபாய் குறைகிறது. "இங்க நின்டது நீதானே?" என்று அத்தனை சனத்துக்கும் முன்னால் கத்திவிட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. மத்தியானம் சட்டைப் பைக்குள் கை விட்டால் சிட்டை வருகிறது: மூட்டை இறக்கிய நாட்டாமிக்குக் காலையில் நானே எடுத்துக் கொடுத்த கூலி. சாமான் அறைக்குள் கூப்பிட்டு, "சரி தம்பி, மறந்துட்டன்" என்றேன். ஏச்சு சபையில், மன்னிப்பு மூலையில். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

திரும்பி வந்தது தொழில் திணைக்களத்துக் கடிதம். சேரும்போது, "முதலாளி, ஈ.பி.எஃப். வெட்டாம முழுச் சம்பளமாத் தாங்க, வீட்டில கஷ்டம்" என்று கேட்டவன் அவன்தான். ஈ.பி.எஃப். என்றால் ஊழியர் சேமலாப நிதி, சம்பளத்தில் 8 சதவீதம் அவனிடம் வெட்டி, 12 சதவீதம் நான் போட்டுக் கட்ட வேண்டியது. நானும் உதவி செய்வதாக நினைத்து (எனக்கும் 12 சதவீதம் மிச்சம், அதை ஏன் மறைப்பான்) ஓமென்றேன். நாரஹேன்பிட்டியில் திணைக்கள அதிகாரியிடம் இதை உருக்கமாகச் சொன்னேன். "எத்தனை மாதம்?" என்றுதான் கேட்டார். சம்பளம் 30,000. சேமலாப நிதிக்கு 20 சதவீதம் 6,000, முதலாளி மட்டும் கட்டுகிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 சதவீதம் 900, இதை 48 மாதத்தால் பெருக்கினால் 331,200, தண்டம் வேறு. அவன் பங்கான 8 சதவீதமும் என் தலையில்தான், அந்தந்த மாதம் வெட்டாததைப் பிறகு வெட்ட முடியாது.

கணக்குப்பிள்ளை:
அண்ணன், ஆறு பேர் வேண்டாம், ஒரே ஒருவர் வேலைக்கு நின்றாலும் கட்டத்தான் வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்து. "இன்னும் பழகுறார், பிறகு பார்ப்பம்" என்று ஆறு மாதம் இழுத்தடிக்கிற முதலாளிமாரை நான் கிழமைக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஒருத்தர் இன்னும் கெட்டிக்காரர், அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக எழுதி மிச்சத்தை வாழ்க்கைச் செலவுப்படி என்று போட்டிருந்தார். அந்தப் படியும் கணக்கில் சேரும், ஓவர்டைம்தான் சேராது. ஒரு மாதத்துக் காசை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிடுங்கள், பிந்தினால் தண்டம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும்.

சாப்பாட்டுக்கடை, வெள்ளவத்தை:
நமக்குச் சறுக்கினது அட்வான்ஸில். கொத்து ரொட்டி போடுகிற பாஸ் (சமையல்காரர்) இரண்டாயிரம், மூவாயிரம் என்று கேட்பார், இரவு அவசரத்தில் எடுத்துக் கொடுப்பேன், மனசில் மட்டும் எழுதுவேன். மாதக் கடைசியில் நான் 11,000 என்கிறேன், அவர் 8,000 என்கிறார், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் பகிடி. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் கொப்பி ஒன்று நூலில் தொங்குகிறது, எண்ணெய் பட்டுப் பாதித் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் அவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. ஒன்று கேட்க வேண்டும் அண்ணன், அந்தத் தம்பியைப் பிறகு கண்டீர்களா?

புடவைக்கடை:
காணாமல் எங்கே போவது, மூன்று கடை தள்ளித்தான் இப்போது நிற்கிறான். போன கிழமை ஐயாயிரம் ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கேட்டு வந்தான். "சுகமா தம்பி?" என்றேன், "சுகம் முதலாளி" என்றான். கொடுத்ததை என் முன்னாலேயே ஒவ்வொரு தாளாக இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் போனான்.