கே.எச்.-க்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,
கோரிடோராஸ் கெளுத்தி என்ற தொட்டி மீனை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நாலு பக்கக் கையேடு ஒன்று வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அப்படியே இருக்கட்டும், கால்சியம், மக்னீசியத்தின் அளவான ஜி.எச். 'கடினத்தன்மை'. இடிப்பது கே.எச்., அதாவது அமிலத்தை முறிக்கத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு. 'காரத்தன்மை' என்று எழுதினால் பி.எச். 7-க்கு மேல் என்று படிக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. வடிகட்டியில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் உண்டாகும். அதை முறிக்கத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் செலவாகும். உப்பெல்லாம் வடிகட்டிய வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிற தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்து, பி.எச். தடாலென்று விழுகிறது.

> 'காரத்தன்மை' என்று எழுதினால்

காரமே 'க்ஷாரம்' வழி வந்ததுதானே? நம்மிடம் 'உவர்' இருக்கிறது. வண்ணார் துணி வெளுத்த உவர்மண் காரம்தான். 'உவர்மை' என்று வையுங்கள்.

> 'உவர்மை' என்று வையுங்கள்

ஐயா, உவர் என்றதும் உப்பைக் கொட்டுவார்கள். கோரிடோராஸ் உப்பை அதிகம் தாங்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் பாடநூல்களில் ஜி.எச். 'வன்மை', வன்னீர், மென்னீர் என்று சோடி அழகாக நிற்கும். அமிலத்துக்கு எதிர் 'மூலம்', நீரில் கரையும் மூலம்தான் 'காரம்'. 'மூலத்தன்மை' என்றால் உங்கள் குழப்பம் தீருமே?

> 'மூலத்தன்மை' என்றால்

தீராது. இங்கே மூலம் என்றால் டாக்டரிடம் காட்டுகிற சமாச்சாரம் :)

சற்று விலகி ஒன்று. நற்றிணை 70-இல் வெள்ளிவீதியார் பாடும் வெள்ளாங்குருகு தின்பது சினைக் கெளிறு. கெளுத்தி என்பதை விட்டுக் கெளிறு என்றே போடலாமே?

> கெளிறு என்றே போடலாமே?

கோரிடோராஸ் தென்னமெரிக்க மீன். நம் கெளிறோடு சேர்த்தால் ஆற்றில் பிடித்ததைத் தொட்டியில் விட்டுவிடுவார்கள். தனி இழை தொடங்குங்கள்.

வேதியியல் ஆசிரியை என்ற முறையில்: கே.எச்.-ஐ நேராக மொழிபெயர்த்த 'கார்பனேட் கடினத்தன்மை' வேண்டவே வேண்டாம். சமையல் சோடா போட்டால் கே.எச். ஏறும், ஜி.எச். அசையாது, கடினத்துக்கு வேண்டியது கால்சியமும் மக்னீசியமும். யாராவது 'தாங்குதிறன்' என்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 'தாங்கல் கரைசல்' (பஃபர்) பாடநூலில் உண்டு, 'தாங்கல் திறன்' வேறு அளவு. சோதனையில் என்ன செய்கிறோம்? நீலம் மஞ்சளாகும்வரை அமிலச் சொட்டை எண்ணுகிறோம். வழக்கமான பெட்டியில் சொட்டுக்கு ஒரு டிகிரி, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.9 மி.கி. இருப்பைத்தான் எண்ணுகிறோம். 'காரக் கையிருப்பு'.

> 'காரக் கையிருப்பு'

கணக்குப்பிள்ளை வாடை. ஆனாலும் புரிகிறது. +1

+1. காரம் என்றதும் மிளகாயை நினைப்பவரை ஒன்றும் செய்யமுடியாது.

எங்களுக்கும் சம்மதம். 'வன்மை'யைக் கடினத்தன்மை பக்கத்தில் அடைப்புக்குள்ளாவது போடுங்கள், இங்கேயும் வாசிப்பார்கள்.

சரி, 'காரக் கையிருப்பு' போடுகிறேன், வன்மையும் உண்டு. இன்னொரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன்: பி.எச். விழுந்த தொட்டியில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக அடங்கியிருக்கும். பதறிப்போய் போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் பி.எச். ஏறி, அது திரும்ப மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாகும். சிறிது சிறிதாகத்தான் மாற்றவேண்டும். இதற்குச் சொல் கேட்கவில்லை, பயப்படவேண்டாம்.

> சரி, 'காரக் கையிருப்பு' போடுகிறேன்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'உவரிருப்பு' ஓரெழுத்தும் வடக்கிலிருந்து வாங்காதது. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம்.