ஜி41 போர்டுல விண்டோஸ் 10 போட்டேன், எஸ்எம் பஸ் மஞ்சள் குறி, டிஸ்ப்ளே 1024ல நிக்குது, காம் போர்ட்டும் எடுக்கல, உதவுங்க

புளியரை எடைமேடை:
எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை தாண்டி புளியரையில லாரி எடைமேடை வச்சிருக்கோம். கேரளாவுக்குப் போற காய்கறி, வைக்கோல், எம்-சாண்ட் வண்டிங்க இங்க எடை போட்டுட்டுதான் ஆரியங்காவு பக்கம் ஏறும். ஆபீஸ்ல இருக்கிறது பழைய சிஸ்டம், இன்டெல் ஜி41 போர்டு, கோர் 2 டூவோ இ7500, ராம் 4 ஜிபி. இத்தன வருசம் விண்டோஸ் 7 32 பிட்ல ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. குரோம் 109ஓட அதுக்கு அப்டேட் நின்னு போச்சு, நெட்ல செய்யிற வேல எல்லாம் இழுத்துக்கிட்டே இருந்துச்சு, அதான் போன வாரம் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி விண்டோஸ் 10 22எச்2 64 பிட் போட்டேன்.

அதுலேருந்து மூணு பிரச்சன. டிவைஸ் மேனேஜர்ல எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்னு (போர்டுல இருக்கிற சென்சார் மாதிரி சின்ன சாமானுங்களோட பேசற லைன்) மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 28, அதாவது டிரைவர் இல்லங்குது. திரை 1024க்கு 768தான் வருது, எழுத்தெல்லாம் இழுத்து விட்ட மாதிரி இருக்கு. இந்த ரெண்டயும் கூட பொறுத்துக்கலாம், ஆனா எடையக் காட்டற இண்டிகேட்டர் பெட்டி காம் 1ங்கற சீரியல் போர்ட்ல வரும், அது சாஃப்ட்வேர்ல வரவே மாட்டேங்குது, இண்டிகேட்டர்ல 24,860 னு சிவப்பா எரியுது, மானிட்டர்ல 0 நிக்குது. போர்டோட வந்த சிடிய போட்டா இந்த கம்ப்யூட்டர் மினிமம் ரெக்கொயர்மென்ட் இல்லன்னு சொல்லி வெளிய வந்துருது. விண்டோஸ் 7 கம்பாட்டிபிலிட்டி வச்சும் பாத்தாச்சு.

மெக்கானிக் போர்ட மாத்துங்கறாரு. புது போர்டு விலைய விட அதுல இந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர மாட்ட எல்பிடிங்கற பழைய பிரிண்டர் போர்ட் இருக்காதேன்னுதான் யோசனையா இருக்கு. நேத்து ராத்திரி கார்பன் பேப்பர் வச்சு கையால ரசீது எழுதினேன், பின்னால வண்டிங்க லைன்ல நிக்க டிரைவருங்க சேட்டா வேகம் வேகம்னு கூப்பிட, கை நடுங்கி ஒரு ரசீதுல காலி எடையயும் லோடு எடையயும் மாத்தி எழுதிட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமுளி நெட் சென்டர்:
இதுக்கெல்லாம் டிரைவர் பேக்னு நெட்ல கிடைக்கும் பாஸ், எல்லா போர்டு டிரைவரும் ஒரே ஃபைல்ல இருக்கும், ஒரு கிளிக்ல எல்லாத்தையும் போட்டுரும்.

தென்காசி சர்வீஸ் கடை:
அண்ணாச்சி, மேல சொன்னத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. இது நான் பட்டு சொல்றது. உங்க போர்டுல இருக்கிற இதே ஐசிஎச்7 சவுத்பிரிட்ஜ் (டிஸ்க், யுஎஸ்பி எல்லாம் பாத்துக்கற சிப்) இருக்கிற கஸ்டமர் மெஷின்ல ஒரு பேக்க ஓட்ட விட்டுட்டு டீ குடிக்கப் போனேன், வந்து பாத்தா இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்னு நீலத்திரை. ஏஹெச்சிஐங்கற புது டிஸ்க் முறைக்கான ஸ்டோரேஜ் டிரைவர, ஐடிஇங்கற பழைய மோடுல ஓடற சிஸ்டத்துல ஏத்தி வச்சிருந்துச்சு. டிஸ்க வேற மெஷின்ல மாட்டி டேட்டா எடுத்துட்டு மறுபடி ஓஎஸ் போடவேண்டியதாப் போச்சு. உங்க போர்டும் ஐடிஇ மோடுதான், அதுல விண்டோஸ் கூடவே வர்ற டிரைவரே நல்லா ஓடும், ஸ்டோரேஜ் பக்கம் கையே வைக்காதீங்க.

முதல்ல ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டு வையுங்க. அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி இருக்கிறத ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதுல ஹார்ட்வேர் ஐடின்னு தேர்ந்தெடுங்க. வென் கூட ஒரு நம்பரும் டெவ் கூட ஒரு நம்பரும் வரும், அத அப்படியே எழுதுங்க. டிஸ்ப்ளேவுக்கும் அதே மாதிரி எடுங்க. பேர வச்சு டிரைவர் தேடக்கூடாது, இந்த நம்பர வச்சுதான் தேடணும்.

புளியரை எடைமேடை:
எடுத்துட்டேன் அண்ணாச்சி. எஸ்எம் பஸ்: வென் 8086, டெவ் 27டிஏ. டிஸ்ப்ளே: வென் 8086, டெவ் 2இ32. டிஸ்ப்ளே இப்ப மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு காட்டுது.

தென்காசி சர்வீஸ் கடை:
ரொம்ப சந்தோசம், எதிர்பாத்ததேதான். 8086 னா இன்டெல், 1022 னா ஏஎம்டி, 10இசி னா ரியல்டெக், கம்பெனி நம்பர் அது. 27டிஏ ஐசிஎச்7ஓட எஸ்எம் பஸ், 2இ32 ஜி41க்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸ்.

இப்ப ஒரு விசயம் நல்லா புரிஞ்சுக்கணும். இன்டெல் சிப்செட் டிரைவர்னு எல்லாரும் சொல்றது பெரும்பாலும் டிரைவரே கிடையாது. அது ஐஎன்எஃப் ஃபைலுங்க, நோட்பேடுல தொறந்தா படிக்கலாம். இந்த நம்பர் இருக்கிற சாமானுக்கு இன்ன பேரு, இதுக்கு விண்டோஸ்ல இருக்கிற இன்ன டிரைவர மாட்டு, இதுக்கு ஒண்ணுமே மாட்டவேண்டாம், இவ்ளோதான் எழுதியிருக்கும். எஸ்எம் பஸ் அந்த கடைசி வகை. உங்க மஞ்சள் குறிக்கு அர்த்தம், இவன் யாருன்னு எனக்குத் தெரியலன்னு விண்டோஸ் சொல்றது. அதுல எதும் கெட்டுப்போகல, வேகமும் குறையாது. போர்ட மாத்தற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

சிடிய செட்டப்பா ஓட்டாதீங்க. அந்த செட்டப் முதல்ல எந்த விண்டோஸ்னு பாத்து இல்லன்னா வெளிய வந்துரும், உள்ள இருக்கிற ஐஎன்எஃப் ஃபைலுக்கு அந்தக் கவலையே இல்ல. இன்டெல் சிப்செட் யுடிலிட்டி 9ல ஆரம்பிக்கிற பழைய வெர்ஷன செவன் ஜிப்ல விரிச்சுட்டு, ஐசிஎச்7 னு ஆரம்பிக்கிற ஐஎன்எஃப் ஒவ்வொண்ணா நோட்பேடுல தொறந்து 27டிஏ தேடுங்க. எந்த ஃபைல்ல வருதோ, எஸ்எம் பஸ் மேல ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ், லெட் மீ பிக், ஹேவ் டிஸ்க், அந்த ஃபைலக் காட்டுங்க. ஒரு எழுத்து கூட திருத்தாதீங்க, அது முக்கியம்.

மார்த்தாண்டம் ஹார்ட்வேர்:
திருத்தினா என்னாகும்னு சேத்து சொல்லிடுறேன், நிறைய பேரு இங்கதான் மாட்டுவாங்க. ஐஎன்எஃப் கூட கேட்னு முடியற ஒரு ஃபைல் இருக்கும், அதுலதான் டிரைவர யாரும் மாத்தலங்கறதுக்கான டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. ஐஎன்எஃப்ல ஒரு வரி மாறினாலும் அந்தக் கையெழுத்து பொருந்தாது, 64 பிட் விண்டோஸ் ஏத்த மறுத்துரும். அப்ப ஷிஃப்ட் அமுக்கி ரீஸ்டார்ட் பண்ணி ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்ல 7 அமுக்கி சிக்னேச்சர் என்ஃபோர்ஸ்மென்ட நிறுத்திட்டு ஏத்துவாங்க, ஏறவும் செய்யும், ஆனா கூட கையெழுத்தில்லாத சிஸ் ஃபைல் (உண்மையா ஓடற டிரைவர்) இருந்தா அடுத்த தடவ சாதாரணமா பூட் ஆகும்போது கையெழுத்து சரியில்லன்னு கோட் 52 காட்டி நிக்கும். காசு புழங்கற இடத்துல இருக்கிற மெஷினுக்கு அந்த வழி வேண்டாம்.

இன்னொண்ணு, உங்க பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கா? விண்டோஸ் 7 இருந்தது? அதுல விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல் ரெப்பாசிட்டரின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அங்க ஓடிட்டு இருந்த டிரைவர் மொத்தமும் அப்படியே கிடக்கும். சிடி தொலைஞ்சவங்களுக்கு அதுதான் புதையல். ஆனா உங்களுது 32 பிட், இப்ப போட்டது 64 பிட், அதனால அதுல இருக்கிற சிஸ் ஃபைல் எதுவும் இங்க ஆகாது. டிஸ்க அழிச்சுராதீங்க, திரும்பிப் போகணும்னா அது ஒண்ணுதான் வழி.

புளியரை எடைமேடை:
டிஸ்க் பத்திரமா பீரோல இருக்கு சார். எஸ்எம் பஸ் போயிடுச்சு!! மூணாவது ஃபைல்ல 27டிஏ இருந்துச்சு, காட்டினேன், ரெண்டு செகண்ட்ல மஞ்சள் குறி மறைஞ்சு சிஸ்டம் டிவைஸ் லிஸ்ட்ல இன்டெல் பேரோட போய் உக்காந்துகிச்சு. ஒரு வாரமா முறைச்சுப் பாத்துட்டு இருந்தது. டிஸ்ப்ளேவும் காமும் அப்படியேதான் இருக்கு.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
டிஸ்ப்ளேவுக்கு நான் சொல்றேனுங்க, எங்க வீட்லயும் ஜி41 தானுங்க, பசங்க டைப்பிங் பழகறதுக்கு வச்சிருக்கேன். இன்டெல் இந்த கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 10 டிரைவர் விடவே இல்லீங்க, அதனால இன்டெல் சைட்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க. மைக்ரோசாஃப்ட் கிட்டதான் ஒண்ணு இருக்குது, 8.15.10.2702 னு நம்பர், பேருக்குப் பின்னால டபிள்யூடிடிஎம் 1.1 னு போட்டிருக்கும். நெட்ட மாட்டிட்டு விண்டோஸ் அப்டேட் ஓட்டுங்க, ஆப்ஷனல் அப்டேட்ல டிரைவர் அப்டேட்னு இருக்கிறதயும் தொறந்து பாருங்க. வரலீன்னா மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் சைட்ல அந்த வென் டெவ் நம்பரயே போட்டுத் தேடுங்க, ஜிப் மாதிரி சுருக்கின கேப் ஃபைலா கிடைக்கும், விரிச்சு ஹேவ் டிஸ்க்லயே காட்டிக்கலாமுங்க. வேற பேர் தெரியாத சைட்ல மட்டும் எடுத்துராதீங்க.

வண்டிப்பெரியார் எஸ்டேட் ஆபீஸ்:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க ஆபீஸ்ல எச்110 போர்டு, சிப்செட் டிரைவர் தேதி 18-07-1968 னு காட்டுது. விண்டோஸே இல்லாத காலம் அது. வைரஸா?

மார்த்தாண்டம் ஹார்ட்வேர்:
வைரஸ் இல்லீங்க, பயப்படவேண்டாம். இன்டெல் கம்பெனி ஆரம்பிச்ச நாள் 1968 ஜூலை 18, அந்தத் தேதிய வேணும்னேதான் போட்டிருக்காங்க. நான் முன்ன சொன்ன மாதிரி இது பேரு வைக்கிற ஃபைல். ஒரே சாமானுக்கு ரெண்டு டிரைவர் சமமா பொருந்தினா விண்டோஸ் தேதி புதுசா இருக்கிறத எடுக்கும், அதனால உண்மையா வேல செய்யிற டிரைவர இது தள்ளிவிட்டுறக் கூடாதுன்னு தேதிய அவ்ளோ பின்னால வச்சிருக்காங்க. மைக்ரோசாஃப்டோட டிரைவர்ல 21-06-2006 னு பாத்திருப்பீங்க, அதுவும் இதே காரணம்தான்.

புளியரை எடைமேடை:
வாத்தியார் சார் கோடி புண்ணியம். ஆப்ஷனல் அப்டேட்லயே இருந்துச்சு, போட்டதும் திரை ஒரு தடவ கறுத்து வந்துச்சு, 1366க்கு 768 தானா எடுத்துகிச்சு. வண்டி நம்பர் இப்ப கண்ணாடி இல்லாமலே தெரியுது. இனி காம் போர்ட் மட்டும்தான். மெக்கானிக் யுஎஸ்பி டு சீரியல் கேபிள் வாங்கிக்கலாம்ங்கறாரு, வாங்கலாமா?

தென்காசி சர்வீஸ் கடை:
போர்டுலயே காம் இருக்கும்போது எதுக்கு அண்ணாச்சி? அந்த கேபிள்ல பழைய பிஎல்2303 சிப் வந்துச்சுன்னா அது வேற தலைவலி, புது டிரைவர் அந்தப் பழைய சிப்ப ஏத்துக்காம கோட் 10 காட்டும், அப்புறம் பழைய டிரைவரத் தேடணும். டிவைஸ் மேனேஜர்ல போர்ட்ஸ் தொறந்து என்ன இருக்குன்னு சொல்லுங்க. எஸ்எஸ்டி மாட்டும்போது போர்டு பேட்டரிய எடுத்தாங்களா?

புளியரை எடைமேடை:
ஆமா, டைம் நிக்கலன்னு புது சிஆர்2032 போட்டாரு, பயாஸ்லயும் ஏதோ மாத்தினாரு. போர்ட்ஸ்ல கம்யூனிகேஷன்ஸ் போர்ட் காம் 2 னு இருக்கு. அட, காம் 2!

தென்காசி சர்வீஸ் கடை:
கிடைச்சுருச்சு. டிரைவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பயாஸ்ல சீரியல் போர்ட்டோட முகவரி 2எஃப்8, ஐஆர்க்யூ (இன்டரப்ட் நம்பர்) 3 னு மாறியிருக்கும், அதான் காம் 2 ஆகிருச்சு. அத 3எஃப்8, ஐஆர்க்யூ 4 னு வச்சு சேவ் பண்ணுங்க, காம் 1 ஆ வந்துரும். பாட் ரேட் (டேட்டா போற வேகம்) சாஃப்ட்வேர்ல என்ன இருக்கோ இண்டிகேட்டர்லயும் அதேதானான்னு ஒருதடவ பாத்துக்குங்க. டாட் மேட்ரிக்ஸுக்கு கம்பெனி டிரைவர் 64 பிட்ல கிடைக்கலன்னா ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லின்னு விண்டோஸ்லயே இருக்கு, எல்பிடி 1ல அத வைங்க, ரசீதுக்கு அது போதும்.

குமுளி நெட் சென்டர்:
பேக் சொன்னது என் தப்புதாங்க, நான் புது லேப்டாப்ல மட்டும்தான் ஓட்டியிருக்கேன். ஒரு கேள்வி, எப்படியும் கஷ்டப்படறாரு, விண்டோஸ் 11 போட முடியாதா, செக்கிங்க தாண்டற வழி இருக்கே?

மார்த்தாண்டம் ஹார்ட்வேர்:
இந்த பிராசசர்ல முடியாது. விண்டோஸ் 11 24எச்2லேருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட்ங்கற பிராசசர் கட்டளைங்க கட்டாயம், கோர் 2 டூவோல அது ரெண்டும் இல்ல, எந்த வழியில தாண்டினாலும் பூட்டே ஆகாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, இஎஸ்யூல (சப்போர்ட் முடிஞ்சப்புறம் தர்ற கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் திட்டம்) சேந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்ற லிங்க் இருக்கும், இன்னைக்கே சேந்துருங்க. அதுக்கப்புறம் எடை போடறதுக்கு இந்த மெஷின நெட் இல்லாம வச்சுகிட்டு, பில் வேலைக்கு வேற ஒண்ணு வாங்கிக்கறதுதான் சரி. காம் போர்ட்டுக்கு நெட் தேவையில்ல.

புளியரை எடைமேடை:
சாயங்காலம் பயாஸ் போய் 3எஃப்8 வச்சேன். மேலேறி நின்னது புனலூர் போற வைக்கோல் வண்டி, இண்டிகேட்டர்ல 9,340, மானிட்டர்ல 9,340. ஒரு நிமிசம் ரெண்டையும் மாறி மாறி பாத்துட்டே இருந்தேன். பிரிண்டர் அந்த கரகர சத்தத்தோட ரசீத அடிச்சு முடிக்கிறதுக்குள்ள டிரைவர் கைய நீட்டிட்டாரு. இஎஸ்யூல சேந்துட்டேன். விரிச்ச ஐஎன்எஃப் ஃபோல்டர ஒரு பென்டிரைவ்ல போட்டு, ஜி41, 27டிஏ, 2இ32, காம் 1 3எஃப்8 னு பேப்பர்ல எழுதி சுத்தி, பழைய டிஸ்க் கூட பீரோல வச்சாச்சு.