இலத்தீனுக்கு ஓராண்டை எப்படிப் பகுத்துக்கொள்வது?

கேள்வி (பினாங்கு):
நண்பர்களுக்கு வணக்கம். பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில் சென்றுவரும் நேரத்தையும் இரவில் அரை மணி நேரத்தையும் ஒதுக்கி, சனவரி முதல் இலத்தீன் கற்க எண்ணுகிறேன். 1808இல் பினாங்கில் தொடங்கிய குருமடத்தில் இலத்தீன் வழியாகப் பாடம் நடந்தது என்று அறிந்த நாளிலிருந்து இந்த ஆசை என்னை விடவில்லை. ஓராண்டுக்கு எப்படித் திட்டமிடலாம்?

மறுமொழி (கோலாலம்பூர்):
ஐயா, தமிழ் இலக்கணம் படித்தவருக்கு வேற்றுமை புதிதன்று. நம் எட்டுக்கு எதிரே இலத்தீனில் பொதுவாக ஆறு. நம் மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைகளின் பொருளைப் பெரும்பாலும் 'அப்லேட்டிவ்' என்னும் வேற்றுமை ஒன்றே சுமக்கிறது. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் 'ஐ' எல்லாப் பெயரோடும் சேரும். இலத்தீனிலோ பெயர்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிந்து தனித்தனி ஈறுகளை ஏற்பதோடு, பெயரடையும் பால், எண், வேற்றுமைக்கேற்ப மாறும். ஆகவே முதல் நான்கு மாதங்களை முதல் மூன்று வகுப்புகளுக்கும் நிகழ்கால வினைக்கும் மட்டுமே கொடுங்கள். நான் அவசரப்பட்டு, ஆறாம் மாதத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

மறுமொழி (பினாங்கிலிருந்து மற்றொருவர்):
ஏற்கிறேன். ஆனால் அட்டவணைகளை மட்டும் மனனம் செய்ய வேண்டாம், தம்பி. முதல் வாரத்திலிருந்தே எளிய வாக்கியங்களை உரக்கப் படியுங்கள். வினை பெரும்பாலும் இறுதியில் வருவதால் நம் காதுக்கு அது அந்நியமாக இராது. கடைசி மூன்று மாதங்களில் இலத்தீன் விவிலியத்தின் யோவான் நற்செய்தியைத் தொடங்கலாம். அதன் வாக்கியங்கள் எளியவை, சொற்களும் திரும்பத் திரும்ப வரும்.