மறு: சன்டவுனிங்குக்கு தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

எல்லாருக்கும் வணக்கம். முதியோரைப் பாத்துக்கற வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு அல்சைமர் பத்தி 16 பக்கத்துல ஒரு கையேடு போடறோம், மத்த சொல்லெல்லாம் ஒரு மாதிரி முடிஞ்சுது, சன்டவுனிங்ல மாட்டிக்கிட்டேன். பகல்ல நல்லா இருக்கறவங்க பொழுது சாய ஆரம்பிச்சதும் பரபரன்னு ஆகறது, கோபப்படறது, நடந்துக்கிட்டே இருக்கறது. எங்கம்மாவுக்கே இருக்கு. நாலரை மணியானா சாவிக்கொத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வாசக்கதவுகிட்ட வந்து நிப்பாங்க, "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவாரு"ன்னு. நிக்கறது 40 வருஷமா அவங்க இருக்கற வீடு. இதுக்கு ஒரு சொல் குடுங்க.

---

அம்மா, புதுசா எதுக்குத் தேடணும்? எற்பாடு இருக்கே. எல் + பாடு, எல்னா சூரியன், படுதல்னா சாயறது, சன்டவுன்கறதுக்கு எழுத்துக்கு எழுத்து அதுதான். சங்கப் பாட்டுல கடற்கரை நிலமான நெய்தலுக்கு சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல், அதாவது ஏங்கி வருந்தறது. வாசல்ல நின்னு தவிக்கற உங்கம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமா எது அமையும்? எற்பாட்டுக் கலக்கம்னு போடுங்க. இந்த எல்-லிருந்துதான் எல்லவன், கிரேக்கத்துல ஹீலியோஸ் கூட இதோட உறவுதான்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன்.

---

//எற்பாடு// ஐயா, அச்சகத்துல அதை 'ஏற்பாடு'ன்னு திருத்திருவாங்க, படிக்கற பொண்ணும் என்னவோ ஏற்பாடு பண்ணணும் போலன்னுதான் நினைக்கும். ஹீலியோஸ் வேண்டாமே ஐயா, அதுக்கு முன்னாடி அங்க ஒரு 'ஸ' இருந்துதுன்னு மொழியியல்காரங்க காட்டிட்டாங்க. என் ஓட்டு அந்தி மயக்கம். வேற்றுமை மயக்கம், திணை மயக்கம்னு சொல்றோமே, ஒண்ணோட ஒண்ணு கலந்து போறது, இங்க அன்னிக்கும் இன்னிக்கும் கலந்து போகுது.

---

தம்பி, நான் தினம் இவங்களைப் பாக்கற டாக்டர். மயக்கம்னு எழுதினா அந்தப் பொண்ணு தண்ணி தெளிச்சுட்டு 108-க்கு போன் போட்டுரும். மாலை நோய்னும் போடாதீங்க, மாலைக்கண்ணுன்னு எடுத்துக்குவாங்க.

சொல்லுக்கு முன்னாடி மூளையில என்ன நடக்குதுன்னு பாத்துக்கலாம். செல்லுக்கு வெளிய அமிலாய்டு புரதம் திட்டுத்திட்டா படியுது, உள்ள டௌ புரதம் சிக்கு விழுந்த நூல் மாதிரி ஆகுது. புது நினைவைப் பதியற ஹிப்போகேம்பஸ் முதல்லயே அடிவாங்குது, அதனாலதான் காலையில சாப்பிட்ட இட்லி நினைவுல இல்ல, அப்பா வீடு இருக்கு. கண் நரம்புகள் குறுக்கால போற இடத்துக்கு மேல, ஹைப்போதாலமஸ்ல, உடம்புக் கடிகாரம்னு ஒரு சின்ன செல்கூட்டம் இருக்கு, இந்த நோயில அங்கயும் செல்லு சாகுது, மெலடோனின் குறையுது, பகல் எது ராத்திரி எதுன்னு உடம்புக்கே பிடிபடறதில்ல. கூடவே நாள்பூரா சேர்ந்த அசதி, மங்கின வெளிச்சத்துல நிழலைப் பாத்து யாரோன்னு பயம். இதுல பாதி கலக்கம்னா பாதி பதட்டம்.

இன்னொண்ணு, அமிலாய்டுன்னதும் அமிலம்னு நினைச்சு புளிப்பு நிறுத்தின குடும்பம் ஒண்ணை எனக்குத் தெரியும். அமிலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 1854-ல விர்ச்சோ அயோடின் போட்டுப் பாத்து, மாவுச்சத்து மாதிரி நிறம் மாறுதேன்னு வச்ச பேரு, பின்னாடி பாத்தா அது புரதம். கையேட்டுல ஒரு வரி கட்டாயம் போடுங்க.

---

தங்கச்சி, எங்கட பக்கம் வயசு போய் நினைவு தடுமாறுறாக்களை அறளை பெயர்ந்திட்டுது எண்டு சொல்லுறவை. அறல் எண்டால் ஆத்து மணல்ல தண்ணி போட்ட வரி, அது கலைஞ்சு போறதுதான் அறளை எண்டு எங்கட வாத்தியார் சொல்லுவார். ல எப்படி ள ஆச்சுது எண்டு கேட்டால் என்னட்டப் பதில் இல்லை, ஆனால் அந்தப் படம் மனசை விட்டுப் போகேல்லை. உங்கட சொல்லுக்கு நான் பின்னேரப் பதகளிப்பு எண்டு சொல்லுவன், பதகளிப்பு எண்டால் பதட்டம்.

---

அக்கா, பதகளிப்பு அவ்வளவு நல்லா இருக்கு, ஆனா இங்க அந்த சொல்லு புழக்கத்துல இல்லயே. நேத்து வகுப்புல எல்லா சொல்லையும் போர்டுல எழுதிப் போட்டேன். எற்பாட்டை யாருக்கும் படிக்கவே வரல. ஒரு பொண்ணு, அவ பாத்துக்கற பாட்டியைப் பத்தி, "வெளக்கு வைக்கற நேரத்துல அதுக்கு ஒரு தவிப்பு வரும் மேடம்"னா. காலை அரும்பி, பகலெல்லாம் போதாகி, "மாலை மலரும் இந்நோய்"னு குறள்ல காதலுக்குச் சொன்னது இதுக்கும் அப்படியே பொருந்துதேன்னு தோணிச்சு. கலக்கம், தடுமாற்றம் எல்லாம் நாம வெளிய நின்னு பாக்கறது. தவிப்பு அவங்க உள்ள படறது. அதனால அந்தித் தவிப்பு, பக்கத்துல சின்ன எழுத்துல சன்டவுனிங். ஆறு பேர் சரின்னிருக்கீங்க, அனுப்பறேன்.

மணி நாலே கால், இருட்டறதுக்கு முன்னாடி கூடத்து லைட்டெல்லாம் போட்டுரணும், அம்மா சாவியைத் தேட ஆரம்பிச்சிட்டாங்க.

---

அந்தித் தவிப்புல 'த்' விட்டுப்போகாம பாத்துக்குங்கம்மா. எற்பாட்டை நான் விடறதா இல்ல, கடைசிப் பக்கத்து சொல்லடைவுலயாவது ஒரு இடம் குடுங்க. அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க.