கதவுக்குப் பின்னாடி நிக்கிறான்

(குடும்பக் குழு, ஜனவரி, இரவு 8:40)

நான்: எல்லாரும் சாப்பிட்டாச்சா? குட்டிக்கு மூணரை வயசாச்சு. ஒண்ணுக்கு வந்தா அழகா சொல்லிட்டுப் போறான். கக்கா மட்டும் டாய்லெட்ல போகவே மாட்டேங்கிறான். வந்தா கதவுக்குப் பின்னாடி போய் நின்னு காலைப் பின்னிக்கிறான், மூஞ்சி செவந்துடுது. டயப்பர் போட்டாத்தான் போறான். இப்ப அதுலயும் போகல, இன்னிக்கு நாலாவது நாள். டயப்பரோட வந்தா சேர்த்துக்க மாட்டோம்னு ஸ்கூல்ல வேற சொல்லிட்டாங்க.

சித்தப்பா: செல்லம் ஜாஸ்தி. ரெண்டு அதட்டு போடு, சரியாயிடும்.

கோத்தகிரி அத்தை: அதட்டச் சொல்லாதடா தம்பி. அது அடம் இல்ல, பயம். கண்ணு, இதுக்கு முன்னாடி எப்பவாவது கெட்டியாப் போய் அழுதானா?

நான்: ஆமா அத்தை. மார்கழிக் குளிர்ல தண்ணியே குடிக்கல. ஒரு நாள் கல்லு மாதிரி போச்சு, துளி ரத்தம் வந்துச்சு. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு நடுங்கினான். அதுக்கப்புறம்தான் இப்படி.

கோத்தகிரி அத்தை: அதேதான். ஒரு தடவை வலிச்சா குழந்தை அடக்கும். அடக்க அடக்க குடல் அதுல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும். இன்னும் கெட்டியாகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். காலைப் பின்னி நிக்கிறது முக்குறதுக்கு இல்ல, வெளிய வராம பிடிச்சு வெக்கிறதுக்கு. 27 வருஷம் அங்கன்வாடியில இதை நிறைய பார்த்துட்டேன். மொதல்ல மலம் இளகட்டும். டாய்லெட் பழக்கம் அப்புறம்.

கொடைக்கானல் அக்கா: ஜட்டியில தண்ணியா கசியுதாடி?

நான்: நேத்து கறை இருந்துச்சுக்கா. திட்டிட்டேன்.

கொடைக்கானல் அக்கா: எங்க பாப்பாவுக்கும் அப்படித்தான். வயித்துப்போக்குன்னு நெனச்சோம். உள்ள அடைச்சுக்கிட்டு ஓரமா கசியும், அவளுக்கே தெரியாது. தெரியாம ஒரு நாள் அடிச்சுட்டேன். இன்னிக்கு நெனச்சாலும் மனசு ஆறல.

கோத்தகிரி அத்தை: காலையில குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இளக்குற மருந்து தருவாங்க, லாக்டுலோஸ் சிரப்போ தண்ணியில கரைக்கிற பவுடரோ. அளவு எடை பார்த்து அவங்கதான் சொல்லணும். ரெண்டு நாள் நல்லாப் போனதும் நீயா நிறுத்திடாத, விரிஞ்ச குடல் தேற மாசக்கணக்காகும். ராத்திரி வயிறு உப்பி வாந்தி எடுத்தா விடியட்டும்னு இருக்காத. வெத்தலைக் காம்பு, சோப்புத் துண்டுன்னு யாரும் வெச்சுடாதீங்க, ஏற்கனவே கிழிஞ்ச இடம். பால் எவ்வளவு குடிக்கிறான்?

நான்: நாலஞ்சு டம்ளர், பாட்டில்லதான்.

கோத்தகிரி அத்தை: அரை லிட்டருக்கு மேல வேண்டாம். பால்லயே வயிறு நெறஞ்சா கீரையும் பழமும் எங்க எறங்கும்? வெதுவெதுப்பான தண்ணியை சின்ன பிளாஸ்க்ல ஊத்தி அவன் கையிலயே குடு. உலர் திராட்சையை ராத்திரி ஊற வெச்சு, காலையில அந்தத் தண்ணியோட. பப்பாளியும் குடு.

கொடைக்கானல் அக்கா: சீசன் வரட்டும், இங்கிருந்து பேரிக்காய் அனுப்பறேன். தோலோட குடு. அதுல இருக்கிற சார்பிடால்ங்கிற சர்க்கரை மாதிரி சத்து குடலுக்குள்ள தண்ணியை இழுத்துக்கும்.

சித்தப்பா: சரிக்கா, நான் சொன்னது தப்புதான். டாய்லெட்ல உக்காந்தா கால் தரையில படுதா?

நான்: எங்க படுது, தொங்குது. சீட்டு வேற ஐஸ் மாதிரி இருக்கு.

கோத்தகிரி அத்தை: அம்மா பக்கத்துல இருக்காங்க, அவங்க சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறேன். "உங்க எல்லாரையும் காலை நீட்டி, பாதத்து மேல உக்கார வெச்சுத்தானே வெளிக்குப் போக வெச்சேன்? முட்டி ஒசந்து இருக்கும், என் சூடும் படும். புள்ளை பயப்படாது."

சித்தப்பா: டாய்லெட் உசரம் அளந்து அனுப்பு. பட்டறையில பலகை கிடக்கு, முட்டி இடுப்புக்கு மேல வர்ற மாதிரி முக்காலி செஞ்சு தர்றேன்.

கோத்தகிரி அத்தை: மருந்து வேலை செஞ்சு வலியில்லாம போற வரைக்கும் டயப்பரைப் புடுங்காத. அதுல போகட்டும், ஆனா பாத்ரூமுக்குள்ள நின்னு போகட்டும். அப்புறம் டயப்பரோடயே சீட்ல உக்காரட்டும். சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அப்ப அஞ்சு நிமிஷம் போதும். கையில பலூன் குடு. ஊதும்போது அடிவயிறு தன்னால அழுத்தும்.

(பதினோராம் நாள், காலை 9:05)

நான்: மருந்து கேட்குது அத்தை. நாலு நாளா டயப்பர்லயே அழாம போறான். இன்னிக்கு சீட்டை வெந்நித் துணியால தொடச்சு, டயப்பரோட உக்கார வெச்சேன். சித்தப்பா முக்காலியில ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு செவப்பு பலூனை ஊதினான். ஒண்ணும் வரல. ஆனா எந்திரிச்சு ஓடல.

சித்தப்பா: முக்காலி ஆடுதா? ஆடினா சொல்லு, சாயங்காலம் வந்து ரப்பர் அடிச்சுத் தர்றேன்.