ஆசிரியர் பெயரில் நினைவு நிதி: பதக்கமா, எழுத்துப் பயிற்சியா?

கேள்வி

நாங்கள் 1998-இல் மெக்கானிக்கல் முடித்தவர்கள். எங்களுக்கு ஆய்வகம் எடுத்த ஆசிரியர் போன தை மாதம் காலமானார். ரெக்கார்டு நோட்டில் 'வெப்பநிலை கொஞ்சம் கூடியது' என்று எழுதினால் ஓரத்தில் பென்சிலால் 'எவ்வளவு? எங்கே அளந்தாய்?' என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார். ஒரே பக்கத்தை மூன்று முறை எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் பாய்லர் பழுது பற்றி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் அந்தப் பென்சில் எழுத்துதான் கண்ணில் நிற்கிறது.

அவர் நினைவாக 6 லட்சம் சேர்த்திருக்கிறோம். பாதிப் பேர் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்கிறார்கள். பிள்ளைகள் ரிப்போர்ட் எழுதப் பழகுவதற்கு இந்தப் பணம் போக வேண்டும் என்பது என் ஆசை. எப்படிச் செய்யலாம்? வெளிநாட்டு நண்பர்களிடம் பணம் வாங்கலாமா?

பதில் 1

வைப்பில் போட்டு வட்டியை மட்டும் செலவழியுங்கள். 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42,000 வரும். வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

பதில் 2

ஒருநாள் பயிலரங்கு மட்டும் வேண்டாம். நாங்கள் இரண்டு வருடம் அதைத்தான் நடத்தினோம். விருந்தினர், சால்வை, சாப்பாடு எல்லாம் இருந்தது; ஒரு பிள்ளைகூட ஒரு பத்தி எழுதவில்லை. அப்புறம் ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள் இருவருக்கு மதிப்பூதியம் கொடுத்து, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் வரைவை வாசித்துக் குறிப்பெழுதச் சொன்னோம்.

தமிழ் வழியில் படித்து வந்த ஒரு மாணவி, சீனியரின் ரிப்போர்ட்டிலிருந்து முன்னுரையை அப்படியே எடுத்திருந்தாள். "நீ என்னம்மா செய்தாய்? தமிழிலேயே சொல்லு" என்றார்கள். பம்பில் இம்பெல்லரை மாற்றியதையும் அதிர்வு எவ்வளவு குறைந்தது என்பதையும் ஐந்து நிமிடத்தில் எண்ணோடு சொல்லிவிட்டாள். அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதவைத்தார்கள். அந்த ரிப்போர்ட்டில் கடன் வாங்கிய வரி ஒன்றுகூட இல்லை.

பதில் 3

பதக்கம் கேட்பவர்களிடம் 1999-இல் நாசா இழந்த செவ்வாய்க் கலத்தைச் சொல்லுங்கள். உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டு அளவில் கொடுத்தது. மறு குழு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. உங்கள் ஆசிரியர் ஓரத்தில் கேட்ட கேள்வியும் அதுதானே?

கேட்டவர்

மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பம்பு விஷயத்தைச் சொல்லப்போகிறேன். வரைவு வாசிக்க நானும் வருகிறேன், மதிப்பூதியம் வேண்டாம். பாய்லர் சம்பந்தப்பட்டதெல்லாம் எனக்கு வரட்டும். பென்சிலால்தான் திருத்துவேன்.